விரைவுச் சீட்டு

திஹுவானாவில், எல்லைக் கதவுக்கு இந்தப் பக்கம்
பெயர் எழுதிய அட்டையோடு நிற்பேன்.
இன்றைய அட்டையில் வெர்னா ஹாட்லி.
ஐடஹோவிலிருந்து வருகிறாள்,
உருளைக்கிழங்கு விளையும் ஊராம்.
நிலத்தில் பாதியை விற்றாயிற்று.
மீதிப் பாதியும் இங்கேதான் கரையும் என்று
எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது.

என் வேலை வேன் ஓட்டுவது.
விடியுமுன் மொத்தச் சந்தையில்
ஆறு மூட்டை கேரட் ஏற்றுவது.
ஒரு நோயாளிக்கு நாளொன்றுக்குப் பதிமூன்று குவளைச் சாறு.

பேசாதே என்பது கிளினிக் முதலாளியின் முதல் விதி.
கேட்டால்
நிறையப் பேர் குணமாகிப் போயிருக்கிறார்கள் என்று சொல்.
போனார்கள் என்பது உண்மை.
குணமாகியா என்று
பிறகு போன் போட்டுக் கேட்டவர் யாருமில்லை.

வெர்னா பேசினாள்.
மார்பில் பட்டாணி அளவு.
பத்துக்கு ஒன்பது பிழைக்கலாம் என்று
அவளூர் மருத்துவர் விரல்களை விரித்துக் காட்டினாராம்.
அவள் பார்த்துக்கொண்டிருந்தது
மடங்கியிருந்த அந்த ஒரு விரலை.

அம்மாவுக்கும் அந்த மருந்துதான்.
எனாமல் பேசின் ஒன்று, நீலக் கரை போட்டது,
பதினொரு மாதம் கட்டிலுக்கடியிலேயே கிடந்தது.
"கழுவியது நான். எனக்குப் பன்னிரண்டு வயது."
அதற்கு மேல் அவளை இளக்காரமாக நினைக்க
எனக்கு வரவில்லை.

மடியில் ஆப்ரிகாட் பருப்புப் பை.
ஒன்றை எனக்கும் நீட்டினாள்.
கசந்தது.
கசந்தால் மருந்து என்று
நாக்கு உடனே நம்பிவிடுகிறது.
நாக்கைச் சொல்லிக் குற்றமில்லை.

ஹசிந்தா என் தங்கை.
அரசு மருத்துவமனைக்கு நாலு மணிக்கே போய்
நாற்பத்தொன்றாம் எண் சீட்டு வாங்கினாள்.
போன வியாழன் மருந்து வரவில்லை.
அதற்கு முந்தைய வியாழனும்.
லாரி கிளம்பிவிட்டது, கொஞ்சம் பொறுங்கள் என்பாள் செவிலி,
சொல்லும்போது கோப்பைப் புரட்டிக்கொண்டிருப்பாள்.
வீட்டில் மாமியார்
மரப்பட்டை வேகவைத்துச் சிவப்பாய் ஆற்றித் தருகிறாள்.
குடிக்கிறாள்.
நம்பிக்கையெல்லாம் இல்லையாம்,
கையில் குவளை இருந்தால்
ஏதோ நடந்துகொண்டிருப்பதுபோல இருக்கிறதாம்.

சிக்னலில் நிற்கையில் வெர்னா கேட்டாள்:
"உன் வீட்டில் யாருக்காவது வந்தால்
நீ எதைத் தேர்ந்தெடுப்பாய், எவரார்தோ?"

தேர்ந்தெடுப்பது.
கடையில் இரண்டு சட்டை தொங்கும்போது சொல்கிற சொல்.
என் தங்கைக்கு முன்னால் தொங்குவது
வெறும் கொக்கி.

சொல்லக் கூடாது. சொன்னேன்.
எல்லாவற்றையும் அல்ல,
நாலு மணியை, நாற்பத்தொன்றை, வராத லாரியை.
நீங்கள் வேண்டாமென்று விட்டுவந்த பாட்டில்
இப்போது எந்த அலமாரியில் இருக்கும் என்றும்
கேட்டுவிட்டேன்.
அதைக் கேட்டிருக்கக் கூடாது.
பச்சை விழுந்தது. பின்னாலிருந்து ஹாரன்.
வாசல் வந்து சேரும்வரை
கண்ணாடியை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஊர் திரும்பும் நோயாளிக்குக் கிளினிக் ஒரு சீட்டு தரும்.
காட்டினால் மருத்துவத் தடத்தில்
இருபது நிமிடத்தில் வடக்கே கடந்துவிடலாம்,
மற்றவர்களுக்கு மூன்று மணி நேரம்.
மூன்று வாரப் பணமும் கட்டி முடித்த பின்பே
கொடுக்க வேண்டும்.
முத்திரை குத்திய ஒன்று டேஷ்போர்டில் கிடந்தது.
பெட்டியை இறக்கித் தரும்போது
பருப்புப் பைக்குள் செருகினேன்.
பார்த்தாளா, தெரியாது.

மறுநாள் வியாழன்.
சந்தையில் அதே ஆறு மூட்டை.
எட்டாம் அறைக்கும் சேர்த்துத்தானா என்று
சமையல்காரனைக் கேட்க வாயெடுத்து
கேட்காமலே தூக்கித் தோளில் வைத்தேன்.
போன் அடித்தது. ஹசிந்தா.
இன்றைக்கு முப்பத்தெட்டு என்றாள்,
பரிசு விழுந்தவள் குரலில்.